பொள்ளாச்சித் தோப்பில் நிற்கும் பியூக்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனைமலைப் பக்கம் நண்பரின் தோப்பு வீட்டில், தேங்காய்க் களத்தை ஒட்டிய கொட்டகையில், தம்பி ஒருவர் 1939 பியூக் கார் ஒன்றைப் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்து நாயக நடிகர் ஒருவரிடம் இருந்த வண்டி. 1956 வாக்கில் நண்பரின் அப்பாரு, அதாவது தாத்தா, வாங்கினார் என்பது வீட்டுப் பேச்சு. அப்பத்தா அந்த வீட்டுக்கு மணப்பெண்ணாக வந்து இறங்கியதே அந்த வண்டியில்தானாம். பதினைந்து ஆண்டுகளாக ஓடவில்லை. புதுப் பெயிண்ட் அடித்து, புது சீட் போட்டு, கல்யாண வாடகைக்கு விட நண்பர் நினைக்கிறார். தம்பி கேட்பவை மூன்று. அது நடிகரின் வண்டிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புதுப்பிக்கலாமா? "பழைய இரும்பு ஒன்றின் முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டேன், இது பைத்தியக்காரத்தனமா?"

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: அரை மணி நேரம் போதாது தம்பி. கொட்டகையில் வெளிச்சம் குறைவாக இருந்ததால் சீக்கிரம் கிளம்பிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பதினொரு படங்களையும் பார்த்தேன். நடிகர் யார் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. பெயரைக் கேட்டுவிட்டால் கண் வண்டியைப் பார்க்காது, பெயரைத்தான் பார்க்கும். ஆகவே முதலில் வண்டி, அப்புறம் நடிகர்.

முன்பக்கத்தைப் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் மெல்லிய செங்குத்துக் கம்பிகள் சீப்புப் பல் போல நெருக்கமாக நிற்கின்றன. அது துத்தநாக வார்ப்பு. மேலே உள்ள குரோமியப் பூச்சு புள்ளி புள்ளியாகப் பொங்கியிருப்பது அம்மைத் தழும்பு மாதிரி தெரிகிறது. பயப்பட வேண்டாம், அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகள் எல்லாவற்றுக்கும் வரும் நோய்தான் அது. பானெட் ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே எட்டு சிலிண்டர்களும் ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பின்னாளில் எல்லோரும் செய்ததைப் போல நாலும் நாலுமாகப் பிரித்து வி வடிவத்தில் சாய்க்கவில்லை. பியூக்கின் சிறிய இஞ்சினே 4.1 லிட்டர், 107 குதிரைத்திறன். இன்று 1.2 லிட்டர் சின்னக் கார் ஒன்றிலேயே ஏறத்தாழ 80 கிடைத்துவிடுகிறதே, பிறகென்ன பெருமை என்று கேட்பீர்கள். பெருமை வேகத்தில் இல்லை. அந்த இஞ்சின் நிதானமாகச் சுற்றும்போது பானெட் மேல் நிறுத்திவைத்த நாணயம் விழாது என்று அந்தக் காலத்து டிரைவர்கள் பந்தயம் கட்டுவார்கள். என் அப்பா அப்படி ஒரு காலணாவைத் தோற்றிருக்கிறார்.

அதைவிட முக்கியம் ஸ்பிரிங். 1938 முதல் பியூக் நான்கு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங் போட்டது. மற்ற பல வண்டிகளில் பின்சக்கரத்துக்கு அப்போதும் பட்டை ஸ்பிரிங்தான், மாட்டு வண்டியின் பங்காளி. கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு ஐந்நூறு கிலோமீட்டர். அந்தக் காலத்துச் சாலையில் இரவு முழுக்கப் பயணம் செய்து காலையில் கேமராவுக்கு முன்னால் தூங்கிய முகத்தோடு நிற்க வேண்டிய ஒருவருக்கு, இந்த வண்டியின் பின்சீட் ஆடம்பரப் பொருள் அல்ல, தொழில் கருவி. நடிகர்கள் பெரிய காரை வாங்கியது பந்தாவுக்காக என்று சொல்பவர்கள், பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஒருமுறை உளுந்தூர்ப்பேட்டை வரை போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இதை ஸ்டார்ட் செய்யும் முறை உங்கள் நண்பருக்குத் தெரியுமா? சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. ஸ்டார்ட்டர் பட்டனைத் தேடினாலும் கிடைக்காது. சாவியைத் திருப்பிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். ஸ்டார்ட்டரின் சுவிட்ச் அதனோடு இணைந்திருக்கிறது. இஞ்சின் பிடித்ததும் உறிஞ்சு விசை அந்தச் சுவிட்சைத் துண்டித்துவிடும். தியேட்டர் வாசலில் கூட்டம் சூழ்ந்து நிற்கும்போது டிரைவர் கையை எங்கேயும் கொண்டுபோகாமல் வண்டி உயிர் பெறும். பார்த்தவர்கள் ஊருக்குப் போய் என்ன கதை சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வின்டேஜ் என்ற சொல்லைப் பற்றி ஒரு வரி. இங்கிலாந்துக் கழகங்களின் கணக்குப்படி 1919 முதல் 1930 வரை வந்தவைதான் வின்டேஜ். நம் நாட்டுப் பேரணிகளில் பொதுவாக 1930களின் முடிவு வரை சேர்த்துக்கொள்கிறார்கள். அரசாங்கத்துக்கோ ஐம்பது வயதானால் போதும். உங்கள் வண்டி இரண்டில் தேறும், ஒன்றில் தேறாது. இதற்காக யாரோடும் சண்டை போட வேண்டாம்.

சரி, நடிகரின் வண்டிதானா?

உண்மையைச் சொல்கிறேன். பழைய கார்களைப் பழுது பார்க்கும் நாற்பது ஆண்டுத் தொழிலில், கோவையிலிருந்து ஈரோட்டுக்குள் எனக்குக் காட்டப்பட்ட 'பாகவதர் கார்'கள் மட்டும் ஏழு. அவற்றில் ஒன்று அவர் மறைந்த 1959க்குப் பிறகு தயாரான வண்டி. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து யாரும் சொன்னதில்லை. நம் பக்கத்தில் இந்தக் கதைகள் முளைக்க நல்ல மண் இருக்கிறது, அவ்வளவுதான். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. 1943இல் வந்த பாகவதரின் 'சிவகவி'யும், எம்.ஜி.ஆர். முதன்முதலாக நாயகனாக நடித்து 1947இல் வந்த 'ராஜகுமாரி'யும் அங்கேதான் உருவாயின. புலியகுளம் பக்கம் படத் தயாரிப்பாளரும் இயக்குநருமான ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ. 'மலைக்கள்ளன்' எடுத்ததும், அதையே இந்தியில் எடுக்க திலீப்குமாரையும் மீனாகுமாரியையும் கோவைக்கு வரவழைத்ததும் அவர்தான். சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. ஆக, நட்சத்திரங்கள் இங்கே உண்மையாகவே வந்தார்கள், தங்கினார்கள், காரில் போனார்கள்.

அதே காலத்தில் இங்கே பெரிய கார் வாங்கக் கை நிறையப் பணம் உள்ளவர்களும் இருந்தார்கள். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையைச் சுற்றி மில்கள் வரிசையாக எழுந்தன. மில்காரர்கள், தோப்புக்காரர்கள், வால்பாறை எஸ்டேட்காரர்கள் என்று பிளஷர் கார் நின்ற வீடுகள் பல. கிராமத்தில் கார் என்று சொல்ல மாட்டார்கள், பிளஷர் என்றுதான் சொல்வார்கள். சுகத்துக்காக மட்டுமே போகிற வண்டி என்று பொருள். இந்தப் பெயரை வைத்தவர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனவராகத்தான் இருக்க வேண்டும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஸ்டுடியோக்கள் படப்பிடிப்புக்கு இந்தப் பெரிய வீட்டு வண்டிகளை இரவல் வாங்கும். படத்தில் நாயகன் அதில் வந்து இறங்குவான். வண்டி வீட்டுக்குத் திரும்பும்போது 'படத்தில் வந்த கார்' ஆகியிருக்கும். ஒரு தலைமுறை கழிந்தால் 'அவர் ஓட்டிய கார்'. இரண்டு தலைமுறை கழிந்தால் 'அவருடைய கார்'. ஆகையால் நண்பர் வீட்டில் சொல்வதை நம்பாதீர்கள் என்று சொல்லவில்லை; மூன்றில் எது என்று பிரித்துக் கேளுங்கள் என்கிறேன்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. 1935இல் அமெரிக்காவின் டியூசன்பெர்க் கார் நிறுவனம் குட்டைச் சட்டத்தில் இரண்டே இரண்டு வேகக் கார்களைக் கட்டி, ஹாலிவுட் நடிகர்களான இருவரில், ஒன்றைக் கேரி கூப்பரிடமும் மற்றதைக் கிளார்க் கேபிளிடமும் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது, விளம்பரத்துக்காக. கூப்பர் தன்னிடம் வந்ததை வாங்கிக்கொண்டார். கேபிளிடம் போனது அவரிடம் நிலைக்கவில்லை. ஆனாலும் இன்றுவரை அது கேபிளின் கார் என்றே சொல்லப்படுகிறது. கூப்பரின் வண்டி 2018இல் கலிபோர்னியாவில் 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. உங்கள் நண்பரிடம் இந்த எண்ணைச் சொல்லாதீர்கள். ராத்திரி தூங்க மாட்டார்.

ஆதாரம் என்றால் முதலில் ஆர்.சி. புத்தகம். பழைய புத்தகத்தில் உரிமை மாறிய பக்கங்கள் வரிசையாக இருக்கும். அதில் நடிகரின் பெயர் இல்லை என்பதற்காக மனம் உடைய வேண்டாம். படக் கம்பெனியின் பெயரில், மனைவியின் பெயரில், அண்ணன் தம்பியின் பெயரில் வண்டி இருப்பது சகஜம். நான் பார்த்த உறுதியான வண்டிகளில் பாதிக்கு மேல் அப்படித்தான். அடுத்து, பானெட்டைத் திறந்து இஞ்சினில் பொறித்த எண்ணையும், டாஷ்போர்டுக்கு முன்னால் உள்ள இரும்புத் தடுப்பில் இருக்கும் தகட்டையும் படமெடுத்து, புத்தகத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இஞ்சின் எண் மாறியிருந்தால் அது குற்றம் அல்ல. யுத்த காலத்தில் கிடைத்த இஞ்சினைப் போட்டு ஓட்டினார்கள். சேஸிஸ் எண், அதாவது அடிச்சட்டத்தின் எண், மாறியிருந்தால் கதை வேறு.

மூன்றாவது, பதிவெண். எம்.ஜி.ஆரின் டி.எம்.எக்ஸ். 4777 என்ற எண்ணை இன்றும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் எத்தனை பேர்! அது ஆடம்பர வண்டியே அல்ல, அம்பாசடர்தான். தியாகராய நகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது. ஆனால் ஆயிரம் புகைப்படங்களில் அந்த எண் இருப்பதால் யாரும் அதைச் சந்தேகிக்க முடியாது. உங்கள் பியூக்கின் பழைய எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த நடிகரின் கல்யாணப் படம், படத் தொடக்கவிழாப் படம், 'பேசும் படம்' போன்ற அந்தக் காலப் பத்திரிகைகளின் பழைய தொகுப்புகள் எல்லாவற்றிலும் தேடுங்கள். முகத்தைத் தேடாதீர்கள், வண்டியின் மூக்கைத் தேடுங்கள். மாலை போட்ட கூட்டத்தின் ஓரத்தில் பம்பர் மட்டும் வந்திருக்கும்.

நான்காவதாக ஒன்று உண்டு. அதைச் சொல்ல என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1986. கணபதியில் சொந்தமாகப் பட்டறை வைத்து இரண்டு வருடம். கோபி பக்கத்திலிருந்து ஹம்பர் என்ற இங்கிலாந்துக் கார் ஒன்று வந்தது. முன்னாள் நடிகை ஒருவரின் வண்டி என்று சொன்னார்கள். "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள்" என்றார் உரிமையாளர். நானும் இளரத்தம். டிங்கரிங் முடித்து, கண்ணாடி போல மின்னும் பெயிண்ட் அடித்து, குஷன் வேலைக்குப் பின்சீட்டைக் கழற்றினேன். அடியில் இரண்டு கொண்டை ஊசி, காய்ந்துபோன பூ நார், பல் உடைந்த சீப்பு. குப்பையோடு போயிற்று. சீட்டின் சாய்மானத்தில், இடது மூலையில், தலை படும் உயரத்தில் உள்ளங்கை அளவுக்குச் செங்காவி நிறத்தில் கறை. பெட்ரோல் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. அந்த கம்பளித் துணியையே கிழித்துப் போட்டுவிட்டு, பளபளவென்று மெரூன் ரெக்சின் தைத்தேன். உரிமையாளருக்குப் பெரிய சந்தோஷம்.

வண்டி போவதற்கு முந்தின நாள் வயதான ஒருவர் வந்தார். அந்த அம்மாவிடம் பதினோரு வருடம் டிரைவராக இருந்தவராம்; வண்டி இங்கே இருப்பது காதில் விழுந்து, கடைசியாக ஒருமுறை பார்க்க வந்திருக்கிறார். வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றார்.

"ஏனுங்க, இங்கே ஒரு கறை இருந்திருக்குமே?"

நான் பெருமையாகச் சொன்னேன், "போகவே இல்லைங்க. துணியையே மாற்றிவிட்டேன்."

அவர் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினார். டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் பேசினார். இரவு ஷூட்டிங் முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைப்பார்களாம். முழுதும் போகாது. குளிக்கக்கூட நேரமில்லாமல் வண்டியில் ஏறி, அந்த மூலையில் தலை சாய்த்தால் ஊர் வரும்வரை தூக்கம். எண்ணெயும் அரிதாரமும் சேர்ந்து வருடக்கணக்கில் ஏறிய கறை அது. "அம்மா கையெழுத்துப் போட்ட போட்டோ ஊரெல்லாம் இருக்கிறதுங்க. இது ஒன்றுதான் அவர்கள் நடிக்காமல் இருந்தபோது விட்டது" என்றார்.

அந்த வண்டிக்கு இருந்த ஒரே உடல் சாட்சியை என் கையாலேயே கிழித்து எறிந்திருக்கிறேன். ஆர்.சி. புத்தகத்தில் கம்பெனிப் பெயர்தான் இருந்தது. படம் எதுவும் கிடைக்கவில்லை. இன்று அது யாரோ ஒருவரின் மெரூன் ரெக்சின் ஹம்பர்.

இப்போது உங்கள் ஏழாவது படத்துக்கு வருகிறேன். பின்சீட், இடது பக்கம். "இந்த அழுக்கை மட்டும் எடுத்துவிட்டால் சீட் அருமையாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். தொடாதீர்கள். தலை எண்ணெய்க் கறை எந்த வீட்டு வண்டியிலும் இருக்கும். அது கருத்து, தூசி பிடித்து, ஓரம் மங்கிப் பரவும். அரிதாரக் கறை செங்கல் நிறத்தில், தையல் விளிம்பின் இடுக்கில் கெட்டியாக உறைந்திருக்கும். படத்தில் எனக்கு நிறம் சரியாகத் தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்துத் தையல் இடுக்கை மட்டும் பாருங்கள். விரல் நகத்தால் சுரண்டிப் பார்க்கவும் வேண்டாம்.

அதே படத்தில் இன்னொன்றை நீங்கள் கவனிக்கவில்லை. பின்கண்ணாடிகளுக்கு மேலே வரிசையாகச் சின்னத் திருகாணித் துளைகள். திரைச்சீலைக் கம்பி இருந்த இடம் அது. பெண்கள் போகும் பெரிய வீட்டு வண்டிகளிலும் திரை உண்டு என்பதால் இது ஒன்றே போதாது. ஆனால் பின்னிடது கதவின் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, மற்ற மூன்றையும்விட வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்தவர் ஓயாமல் கண்ணாடியை ஏற்றி இறக்கியிருக்கிறார். கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்க இறக்குவதும், கை உள்ளே வரும்போது ஏற்றுவதும் யார் வேலை என்று நீங்களே யோசியுங்கள். புகையிலை போட்டுத் துப்புகிறவராகவும் இருக்கலாம். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

பதினோராவது படத்தில் பின்பம்பருக்கு மேல் நான்கு துளைகளை ஈயம் வைத்து அடைத்திருக்கிறார்கள். என் மனதுக்குப் பிடித்த துளைகள் அவை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, கரியை எரித்து அதன் வாயுவில் வண்டி ஓட்டினார்கள். பஸ்களில் பின்னால் தவலை மாதிரி ஓர் அடுப்பு தொங்கும். பஸ் கிளம்பும் முன் கிளீனர் துருத்தி சுற்றுவார். கார்களிலும் சிலர் பூட்டினார்கள். அந்த அடுப்பைத் தாங்கிய சட்டத்தின் துளைகளாகத்தான் இவை தெரிகின்றன. அப்படியானால் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும், இந்த பியூக் கரிப்புகை கக்கிக்கொண்டு மேட்டில் திணறிய காலம் ஒன்று உண்டு.

புதுப்பிக்கலாமா என்பதற்கு என் பதில்: ஓடவிடுங்கள், ஆனால் மினுக்காதீர்கள். இஞ்சின், பிரேக், வயரிங், டயர் எல்லாவற்றையும் முழுதாகச் செய்யலாம், உயிர் சம்பந்தப்பட்டவை. பெயிண்டையும் சீட்டையும் அப்படியே விடுங்கள். ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் 'புல்லிட்' படத்தில் ஓட்டிய பச்சை மஸ்டாங் 2020இல் ஏலத்துக்கு வந்தபோது மங்கிய பெயிண்டும் துருவும் கீறலுமாகவே வந்தது. கேமராவைப் பூட்ட அடியில் பற்றவைத்த தாங்கிகள்கூட அப்படியே இருந்தன. ஒரு குடும்பம் அதை வீட்டு வண்டியாகப் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறது. திரும்பக் கொடுக்கிறீர்களா என்று மெக்வீனே 1977இல் கடிதம் எழுதிக் கேட்டார். அவர்கள் வண்டியைக் கொடுக்கவில்லை, கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். கட்டணமெல்லாம் சேர்த்து 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்த வண்டிக்கு நான் அன்று ஹம்பருக்கு அடித்த பெயிண்டை அடித்திருந்தால் அது இன்னொரு பச்சை மஸ்டாங்.

உங்கள் பியூக்கின் மேலே இருப்பது இரண்டாவது பெயிண்டாகத் தெரிகிறது. முதல் நிறம் வேண்டுமென்றால் கதவு ரப்பரைத் தூக்கிப் பாருங்கள், டாஷ்போர்டின் அடியில் பாருங்கள். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

வேலைக்கு ஊர் ஊராகத் தேட வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் நம் ஊரைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றை பஸ்ஸோடு தொடங்கிய ஜி.டி. நாயுடு, 1937இல் மின் மோட்டார் செய்யும் அளவுக்குப் போன ஊர் இது. பஸ் கம்பெனிப் பட்டறைகளிலும் மில் பட்டறைகளிலும் பழகிய கைகள்தான் இந்த வெளிநாட்டு வண்டிகளை உயிரோடு வைத்திருந்தன. அமெரிக்காவிலிருந்து பாகம் வர வழியில்லாதபோது, உடைந்த வாட்டர் பம்ப்பைப் பார்த்து மரத்தில் அதே வடிவத்தில் பேட்டர்ன் செய்து, ஃபவுண்டரியில் வார்த்து, லேத்தில் கடைந்து சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் 1928 முதல் வண்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தது. 1954இல் கடையைக் கட்டியது. அதற்குப் பிறகு ஓடிய ஒவ்வொரு பியூக்கும் பாதி நம் ஊர் வண்டிதான்.

என் அப்பா சுங்கம் பக்கத்தில் ஒரு பஸ் பட்டறையில் ஒயிட் மெட்டல் ஊற்றுபவர். இந்த பியூக் இஞ்சினில், பிஸ்டனை ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடில் இப்போதுபோல் தனியாக மாட்டும் பேரிங் கிடையாது. வெள்ளீயம், ஆண்டிமனி, செம்பு கலந்த உலோகத்தை உருக்கி ராடின் வாயிலேயே ஊற்றி, ஆறியதும் கடைய வேண்டும். சூட்டைப் பார்க்க அவரிடம் மீட்டர் கிடையாது. ஈர்க்குச்சியை உருகிய உலோகத்தில் முக்கி எடுப்பார். நுனி பழுப்பானால் ஊற்றலாம். கருகினால் பொறுக்க வேண்டும். கடைந்த பிறகு ஷாஃப்ட்டில் நீல மை தடவி வைத்துச் சுற்றி, மை ஒட்டிய மேட்டைப் பிளேடால் வழித்து, மறுபடி வைத்து, மறுபடி வழித்து... எட்டு ராடுக்கு நான்கு நாள். நாணயம் விழாமல் நின்றது அமெரிக்காக்காரன் சாமர்த்தியத்தால் மட்டும் இல்லை. இன்றும் இந்த வேலை தெரிந்த கைகள் ஒன்றிரண்டு கோவையில் இருக்கின்றன. இருக்கும்போதே உங்கள் நண்பர் இஞ்சினைத் திறப்பது நல்லது.

இப்போதைக்கு அவசரப்பட்டு யாரும் சாவியைத் திருப்ப வேண்டாம். பதினைந்து ஆண்டு நின்ற இஞ்சினில் பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கிக் கழுவுங்கள். எரிபொருள் குழாய், பம்ப்பின் டயாஃப்ரம் என்று ரப்பர் எதுவானாலும் மாற்றிவிடுங்கள்; இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் களி போலாக்கிவிடும். பிரேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கும். மிக முக்கியம்: இது ஆறு வோல்ட் வண்டி. "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று யாராவது பன்னிரண்டு வோல்ட் டிராக்டர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிறுத்திக் காப்பி கொடுத்து அனுப்புங்கள்.

கல்யாண வாடகை விஷயம் ஒரு பத்தியில் முடியும். மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றம் செய்யப்படாத வண்டிக்குத் தனி வின்டேஜ் பதிவு வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும்; புதுப்பிக்க 5,000. ஆனால் அந்தப் பதிவோடு வணிகத்துக்கு ஓட்டக்கூடாது, அன்றாடம் சாலையில் ஓட்டவும் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். ஆகவே வின்டேஜ் எண்ணும் வேண்டும், முகூர்த்தத்துக்குப் பதினைந்தாயிரமும் வேண்டும் என்றால் நடக்காது. தவிரவும், கல்யாண வண்டியில் பூச்சரத்தைச் செல்லோடேப்பால் ஒட்டுவார்கள். அதைப் பிய்க்கும்போது பழைய பெயிண்டும் சேர்ந்து வரும். நண்பருக்கு நம்பிக்கை வராவிட்டால் ஒருநாள் அவிநாசி சாலையில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போய், வண்டிகளை அங்கே எப்படி வைத்திருக்கிறார்கள் என்று காட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியதும் அதுதான். அப்பத்தாவுக்கு எண்பத்தாறு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டிக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவரிடம் "இது யாருடைய வண்டி?" என்று கேட்காதீர்கள். வீட்டில் எல்லோரும் சொல்லும் கதையைத்தான் அவரும் சொல்வார். வண்டியை யார் ஓட்டிக்கொண்டு வந்தார், அப்பாரு பணத்தை எங்கே போய்க் கொடுத்தார், வந்த அன்றைக்கு என்ன நிறம், சீட்டில் உறை போட்டிருந்ததா, திரை இருந்ததா, வண்டிக்குள் என்ன வாசம் அடித்தது என்று கேளுங்கள். மணப்பெண்ணாக அந்தக் கொட்டும் வியர்வையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து வந்தவருக்கு வாசம் மறந்திருக்காது. பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு வோல்ட் பேட்டரியோடு நானே வருகிறேன். அதற்குள் டேங்க் கழுவி, ஆயில் ஊறி, பிரேக் சரியாகியிருந்தால் களத்தை ஒரு சுற்றுச் சுற்றலாம். அப்பத்தாவைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். வலது பக்கம். இடது மூலையில் யாரும் சாய வேண்டாம்.